அப்பாவுக்கு வால்வு மாத்தணுமா? பணம் கட்டும் முன்னாடி இதைப் படிங்க

என் கிளையண்ட் ஒருத்தரோட அப்பா, 72 வயசு. அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் வயல். தாமிரபரணியில குளிச்சிட்டு படித்துறை ஏறும்போது மூச்சு வாங்கியிருக்கு. ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. ஏன் அண்ணாச்சின்னு கேட்டா, "சொன்னா பையன் வயலை வித்துருவான்லா" என்கிறார். திருநெல்வேலியில எக்கோ எடுத்ததும் தெரிஞ்சது: அயோர்ட்டிக் வால்வு சுருங்கிப் போச்சு, மாத்தணும்.

இங்கே வால்வு வகையே ஒரு பணக் கணக்குதான். மெக்கானிக்கல் வால்வு ரொம்ப காலம் உழைக்கும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை, அடிக்கடி ஐஎன்ஆர் டெஸ்ட். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலா ஒரு நோயாளிக்குப் பொருத்தின வால்வு இந்த வகை. மாடு, பன்றித் திசுவில் செய்யுற வால்வு சுமார் 10-15 வருஷம் வரும், அந்த மாத்திரை பெரும்பாலும் ஆயுசுக்கும் தேவைப்படாது. வயசானவங்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் சொல்வாங்க. நெஞ்சைத் திறக்காம தொடை வழியா வைக்கிற டாவி முறையில வால்வு விலையே பல லட்சம். எது சரின்னு டாக்டர் சொல்லட்டும். நீங்க கேட்க வேண்டியது ஒண்ணுதான்: எஸ்டிமேட்டுல வால்வு விலை சேர்ந்திருக்கா, தனியா?

பையன் பதற்றத்துல ஆஞ்சியோ, டெஸ்டுன்னு 60,000 ரூபாய் ரொக்கமா கட்டிட்டார். நெல்லு வித்த காசு. எனக்கு வயிறு எரிஞ்சது அங்கதான். பிரீமியம் கட்டின பாலிசி இல்லாத, 60 வயசு தாண்டின பெற்றோரோட மருத்துவச் செலவுக்குப் பழைய வரி முறையில 80டி-யில 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமா கட்டினா கிடையாது. ஜிபே பண்ணியிருந்தா போதும்! 80டிடிபி கிடைக்குமான்னு கேட்டார். அந்தப் பட்டியல்ல இதய நோயே இல்ல.

அப்புறம்தான் அம்மா பீரோவுல இருந்து முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்தாங்க. அப்பா, அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, வால்வு ஆபரேஷனும் உண்டு. ஆனா பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியில, முன் அனுமதி வாங்கிட்டுத்தான். ஏற்கெனவே கட்டின 60,000 திரும்ப வரல. வருமானம் கூடுதலா இருந்து 70 வயசு தாண்டியிருந்தா, 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை அந்த ஆஸ்பத்திரியில செல்லுமான்னு காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு போய்ப் பார்த்தேன். திசு வால்வுதான் வச்சிருக்காங்க. "ஆடிட்டர் தம்பி, இதுக்கு வாரண்டி கார்டு உண்டா?" என்றார். வயல் இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. 80டி எப்படிப் போடுறதுன்னு வீடியோ கீழே இருக்கு.