ஆண்டிபட்டிக்கு வராத அபேட்சகர்

அமெரிக்காவில் கவர்னர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மனிதர். நம் ஊர்க் கவர்னரைப் போல, டில்லியிலிருந்து நியமன உத்தரவுடன் வந்து இறங்குகிறவர் அல்ல. நியூயார்க் ராஜ்யத்தின் கவர்னருக்கு மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார ஆசை வந்தால், ராஜ்யம் பூராவும் சுற்றி வர வேண்டும். நாலு வருஷக் கணக்கை மூலை முடுக்கில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒப்பிக்க வேண்டும்.

நம் முதல் மந்திரிகளின் சிரமம் வேறு மாதிரி. ராஜ்யம் முழுவதையும் ஆண்டவர், தேர்தல் வந்ததும் ஏதோ ஒரு தொகுதியின் அபேட்சகராகச் சுருங்கிப் போகிறார். அந்தத் தொகுதிக்காரர்கள் கையை விரித்து விட்டால் தீர்ந்தது. 1967-இல் முதல் மந்திரி பக்தவத்சலத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் அதுதான் நடந்தது.

1984-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு விசித்திரம் பாருங்கள். தமிழ்நாட்டு முதல் மந்திரி எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரத்தில், புரூக்ளின் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருக்கிறார். அதே சமயம் அவர் மதுரை ஜில்லா ஆண்டிபட்டித் தொகுதியின் அபேட்சகர்!

ஆண்டிபட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? மதுரையிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஏறுங்கள். செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டிக் கணவாயில் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. கைத்தறி ஓடும் ஊர். சுற்றிலும் பெரும்பாலும் மானாவாரி பூமி. வைகை அணை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. 1959-இல் திறந்த அணை. ஆனால் அதன் தண்ணீர் ஆண்டிபட்டியைத் திரும்பிப் பார்க்காமல் கிழக்கே மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போய்விடுகிறது. இப்படிப்பட்ட ஊருக்கு, நாடாளும் ஒருவர் தங்கள் பிரதிநிதியாக வருகிறார் என்றால் மனத்தில் எத்தனை ஆசைகள் எழும்! (ஆண்டிபட்டி இப்போது தேனி ஜில்லாவில் சேர்ந்தது. தேனி தனி ஜில்லா ஆக்கப்பட்டது 1996-இல்தான்.)

மதுரைச் சீமையின் ஒட்டுறவு

எம்.ஜி.ஆருக்கும் மதுரைச் சீமைக்கும் இருந்த சொந்தம் ஆண்டிபட்டியில் ஆரம்பித்தது அல்ல. 1972 அக்டோபரில் அவர் தனிக் கட்சி கண்டார். அடுத்த வருஷம் மே மாதம், அப்போது மதுரை ஜில்லாவில் இருந்த திண்டுக்கல்லில் பார்லிமெண்ட் இடைத் தேர்தல். இரட்டை இலைக்கு முதல் வெற்றி அங்கேதான் கிடைத்தது. 1977-இல் மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதல் மந்திரியானார்.

1980-இல் சோதனை வந்தது. ஜனவரியில் நடந்த பார்லிமெண்ட் தேர்தலில் அவர் கட்சிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தவை இரண்டே இடங்கள். பிப்ரவரி 17-ஆம் தேதி டில்லி சர்க்கார் அவருடைய மந்திரிசபையைக் கலைத்துவிட்டது. பதவி பறிபோன முதல் மந்திரி நியாயம் கேட்டு வந்து நின்ற இடம் மதுரை மேற்குத் தொகுதி. எதிரே தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கம். இருபத்தோராயிரம் ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் மதுரை அவரை ஜெயிக்க வைத்தது. ராஜ்யத்திலும் அவர் கட்சிக்கு 129 இடங்கள். ஐந்து மாதத்துக்குள் காற்று எப்படித் திரும்பிவிட்டது! டில்லிக்கு ஒரு தீர்ப்பு, சென்னைக்கு ஒரு தீர்ப்பு என்று ஜனங்கள் பிரித்துக் கொடுத்ததை அன்றைய மேதாவிகள் பலர் எதிர்பார்க்கவில்லை.

படுக்கையிலிருந்து ஒரு போட்டி

இனி 1984-க்கு வருவோம். அக்டோபர் 5-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் கெட்டிருந்தது, அங்கே இருக்கும்போதே பக்கவாதமும் தாக்கியது. பிரதம மந்திரி இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே மாதம் 31-ஆம் தேதி அந்த அம்மையாரே சுட்டுக் கொல்லப்பட்டார்! நவம்பர் 5-ஆம் தேதி எம்.ஜி.ஆரை விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள்.

இங்கே நெடுஞ்செழியன் பொறுப்பைப் பார்த்துக் கொண்டார். சட்டசபையின் ஆயுள் இன்னும் சில மாதங்கள் பாக்கி இருந்தது. ஆனாலும் பார்லிமெண்ட் தேர்தலோடு சேர்த்து டிசம்பர் 24-ஆம் தேதி சட்டசபைத் தேர்தலையும் நடத்திவிடுவது என்று முடிவாயிற்று. 1980-இல் எதிரே நின்ற காங்கிரஸ் இப்போது எம்.ஜி.ஆர். பக்கம்.

ஊரில் இல்லாத மனிதர் தேர்தலில் நிற்க முடியுமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். தாராளமாக முடியும். ராஜ்யத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருப்பவர், அதே ராஜ்யத்தின் வேறு எந்தச் சட்டசபைத் தொகுதியிலும் நிற்கலாம். மனுவை அபேட்சகரே கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் அவர் பெயரை முன்மொழிந்து, மனுவையும் தாக்கல் செய்யலாம். அபேட்சகர் எடுத்துக் கொள்ள வேண்டிய பிரமாணத்தை, வெளிநாட்டில் இருந்தால் இந்திய ஸ்தானிகர் முன்னிலையில் எடுக்கலாம். ஆக, சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை எல்லாம் ஜனங்களின் மனத்தில் இருந்த ஒரே ஒரு கேள்விதான்: "அவர் நன்றாக இருக்கிறாரா?"

வதந்தி இல்லாத தேர்தல் ஏது? இந்தத் தேர்தலில் வதந்தியே முக்கியமான பிரசாரமாகிவிடும் போலிருந்தது. ஆர். எம். வீரப்பன் முதலியவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர். இருக்கும் காட்சிகளைப் படமெடுத்துக் கொண்டு வந்து, வீடியோ காசெட்டாக ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வராத காலம் அது. திரையில் எத்தனையோ தடவை வாள் வீசிப் பார்த்த முகத்தை, நோயாளியாக ஒரு சின்னப் பெட்டிக்குள் பார்த்த தாய்மார்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதற்கு மேல் மேடைப் பிரசங்கம் எதற்கு?

இது புதிய வித்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12-ஆம் தேதி எம். ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்து, எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பரங்கிமலைத் தொகுதியில் அவர் அபேட்சகர். கழுத்தில் கட்டுப் போட்ட படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. அப்போதும் தொகுதிப் பக்கம் போகாமலே ஜெயித்தார்.

எனக்கு என்னவோ, ஆண்டிபட்டியில் எதிர்த்து நின்ற தி.மு.க. அபேட்சகர் வல்லரசுவின் பாடுதான் நினைவுக்கு வருகிறது. எதிராளி எட்டாயிரம் மைல் தாண்டிப் படுத்த படுக்கையாக இருக்கிறார். கடுமையாகப் பேசினால், "நோயாளியையா திட்டுகிறாய்?" என்பார்கள். மெதுவாகப் பேசினால், "பின்னே எதற்கு நிற்கிறாய்?" என்பார்கள். இந்த மாதிரிப் போட்டி யாருக்கும் வரக் கூடாது!

டிசம்பரில், தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது, எம்.ஜி.ஆருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். 24-ஆம் தேதி வந்தது. ஆண்டிபட்டியில் காலை எட்டு மணி என்றால் நியூயார்க்கில் முந்தின இரவு ஒன்பதரை. அபேட்சகர் உறங்கும் வேளையில் அவருடைய வாக்காளர்கள் வரிசையில் நின்றார்கள். வித்தியாசம் முப்பத்திரண்டாயிரம் ஓட்டுகளுக்கு மேல்! ராஜ்யத்தில் அவர் கட்சிக்கு 132 இடங்கள், தோழமைக் காங்கிரசுக்கு 61, தி.மு.க.வுக்கு 24.

கணக்குக் கேட்டவர்கள் யார்?

"எல்லாம் அனுதாப ஓட்டு" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அனுதாபம் இருந்தது வாஸ்தவம். ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஆனால் அது மட்டும்தானா? 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் துவங்கியிருந்தது. நடுப்பகலில் பிள்ளைக்குச் சோறு கிடைக்கிறது என்றால், காலையில் கூலிக்குப் போகும் தாய்க்கு அது எத்தனை பெரிய நிம்மதி! அவளும் தன் மனத்தில் ஒரு கணக்குப் போட்டுத்தான் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தினாள். அவளை ஏமாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். காமராஜர் முதல் மந்திரியாக இருந்துகொண்டு 1957-இல் சாத்தூரில் நின்றார். 1962-இலும் அதே சாத்தூரில் நின்றார். "ஐந்து வருஷம் எங்களுக்கு என்ன செய்தீர்கள்?" என்று முகத்துக்கு முகம் கேட்கும் பாக்கியம் சாத்தூர்க்காரர்களுக்கு இருந்தது. எம்.ஜி.ஆர். 1977-இல் அருப்புக்கோட்டை, 1980-இல் மதுரை மேற்கு, 1984-இல் ஆண்டிபட்டி. மூன்று ஊரும் மதுரையைச் சுற்றி ஒரு நாள் பிரயாணத்துக்குள் அடக்கம். ஆனால் ஒரு ஊருக்கும் இரண்டாம் தடவை கணக்குக் கேட்க வாய்ப்புக் கிட்டவில்லை. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மகாநாடு மதுரையில் கோலாகலமாக நடந்தது. அது நன்றாயிருந்ததா, தெருவிலே சாக்கடை ஓடியதா என்று 1984-இல் மதுரை மேற்குக்காரர்கள் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்க ஆள் அங்கே இல்லை.

1985 பிப்ரவரி 4-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னை திரும்பினார். 10-ஆம் தேதி மூன்றாம் முறையாகப் பதவிப் பிரமாணம். பேச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. 1987-ஆம் வருஷம், ஆண்டிபட்டி ஓட்டளித்த அதே டிசம்பர் 24-ஆம் தேதி அவர் காலமானார். அப்புறம் 2016 வரையில் தமிழ்நாட்டில் ஆளும் கட்சி எதுவும் தேர்தலில் மீண்டும் ஜெயித்து ஆட்சிக்கு வரவில்லை.

ஆண்டிபட்டிக்கு வேறொரு தடவை வாய்ப்பு வந்தது. 2002 பிப்ரவரி இடைத் தேர்தலில் ஜெயலலிதா அங்கே ஜெயித்து, மார்ச்சில் முதல் மந்திரியானார். 2006-இல் முதல் மந்திரியாகவே மறுபடியும் ஆண்டிபட்டிக்கு வந்து நின்றார். தொகுதிக்காரர்கள் இருபத்தையாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் அவரை ஜெயிக்க வைத்தார்கள். ராஜ்யம் மட்டும் கைவிட்டுவிட்டது. கருணாநிதி முதல் மந்திரியானார். முதல் மந்திரி தொகுதி என்று படுத்து எழுந்த ஆண்டிபட்டி, மறுநாள் எதிர்க்கட்சித் தொகுதி. 2011 தேர்தலில் ஜெயலலிதா ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார்.