பறிகொடுத்தவர் பக்கம் சட்டம்



நான் மெக்கானிக்கல் மாணவன், வக்கீல் இல்லை. ஆனாலும் நம்ம பக்கத்து வழக்கு ஒன்று என்னைச் சட்டப் புத்தகம் புரட்ட வைத்துவிட்டது.

2015 ஜூனில், பொறியியல் படித்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். சாதிவெறிக் கொலை.

நம் அரசியல் சட்டத்தின் 20, 22-ஆம் பிரிவுகள் குற்றம் சாட்டப்பட்டவரைக் காக்கின்றன. விரும்பிய வக்கீலை அவர் வைத்துக்கொள்ளலாம். அது நியாயம்தான். சரி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு? அவருக்கென்று தனிப் பிரிவே கிடையாது! 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையும், நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டங்களும்தான் துணை.

அந்தத் தாய் ஓய்ந்துவிடவில்லை. உயர் நீதிமன்றம் போனார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நமக்கும் வழி இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். எதிரி விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம்.

சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையே மாற்றிவிடும். ஆகவே இந்த உரிமைகள் அரசியல் சட்டத்திலேயே ஏற வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, இருப்பதையாவது தெரிந்துகொள்வோம், தயங்காமல் கேட்போம்!