இலை உதிர்ந்தபின் வேட்டைக்காரன் எங்கே?

கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் காப்பியும் பட்டர்ஃப்ரூட்டும் பச்சை மாறாமல் நிற்க, பேரியும் பிளம்ஸும் மட்டும் பனிக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாகிவிடும். குளிர்நாட்டு மரங்கள், பிறந்த ஊர்ப் பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட மரத்தின் இலைகளிலேயே வேட்டையாடிப் பிழைக்கும் பூச்சிக்கு அந்த மாதங்களில் வீடும் இல்லை, இரையும் இல்லை.

இங்கிலாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் இதற்கு நன்கு ஆராயப்பட்ட விடை ஒன்று உண்டு. அங்கே முழங்காலில் கறுப்புப் புள்ளி வைத்த, அரை சென்டிமீட்டர் நீளப் பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்று வாழ்கிறது. பிளெபரிடாப்டெரஸ் ஆங்குலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இலையடியில் இருக்கும் செஞ்சிலந்திப் பேன்கள்தான் அதற்கு விருப்பமான இரை. ஊசி அலகால் குத்தி எச்சிலைச் செலுத்தும். இரையின் உள்ளுறுப்புகள் கரைந்து கூழானதும் உறிஞ்சிக்கொள்ளும். செரிமானத்தின் முதல் பாதி அடுத்தவர் உடம்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது!

கோடை முடியும் தறுவாயில் தாய்ப்பூச்சி இளங்கிளையின் பட்டையைக் கீறி முட்டைகளை உள்ளே செருகுகிறது. பிறகு குளிர் வந்து, இலை உதிர்ந்து, தாயும் செத்துப்போகும். அடுத்த ஆண்டு மரம் பூத்து முடியும் சமயத்தில் குஞ்சு வெளியே வரும்போது, இரை மறுபடி இலையேறியிருக்கும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. அதன் ஆயுளில் பெரும்பகுதி மரத்துக்குள் முட்டையாகவே கழிகிறது.

இது மிரிட் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவரை விவரிக்கப்பட்ட இனங்களே பத்தாயிரத்துக்கு மேல். தேயிலைத் தோட்டங்களைப் பாடாய்ப்படுத்தும் தேயிலைக் கொசு, பெயர்தான் கொசு, இந்தக் குடும்பம். நெல்வயலில் புகையான் முட்டைகளை உறிஞ்சி உழவருக்கு உதவும் பச்சை மிரிட்டும் இதே குடும்பம். அலகு ஒரே மாதிரி. குத்தும் இடம்தான் வேறு. இரண்டு இடத்திலும் குத்துகிறவையும் நிறைய உண்டு.

நம் நாட்டுப் பூச்சிகளைப் பொறுத்தவரை, பூச்சியியலாளர் வில்லியம் டிஸ்டண்ட் 1902 முதல் 1918 வரை ஏழு தொகுதிகளில் பிரிட்டிஷ் இந்தியாவின் நாவாய்ப்பூச்சி வகைகளை விவரித்தார். கொடைக்கானலில் பிடித்தவையும் அவற்றில் உண்டு. நிறம், கொம்பு, இறக்கை எல்லாம் நுணுக்கமாக எழுதியவர், அவை எதைத் தின்றன என்பதைப் பெரும்பாலும் சொல்லவில்லை. தோட்டக்காரருக்கு வேண்டியதோ அதுதான்.

அந்தப் பச்சை நாவாய்ப்பூச்சியின் அருமை இங்கிலாந்துக்காரர்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 1920களில் அசுவினி முட்டைகளை அழிக்க, இலையற்ற மரங்களுக்குத் தார் எண்ணெய் அடித்தார்கள். அசுவினி குறைந்தது, கூடவே வேட்டைப்பூச்சிகளும் குறைந்தன. தார் எண்ணெய்க்குச் சாகாத செஞ்சிலந்தி முட்டைகள் தப்பின. அதுவரை யாரும் பொருட்படுத்தாத அந்தப் பேன், பெரிய பீடையானது. பின்னால் வந்த டி.டி.டி. நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

ஆக, மருந்து அடிப்பதோடு கவாத்தும் இதில் ஒரு கணக்கு. இளங்கிளைகளை வெட்டி உடனே எரித்தால், உள்ளே முட்டைகள் இருந்தால் அவையும் போகும். நோயில்லாத கிளைகளை மட்டுமாவது, புதுக் குஞ்சுகள் வெளிவரும்வரை மரத்தடி ஓரமாகப் போட்டுவைக்கலாம்.