மறைத்தலும் அருளலும்: தில்லை மரபின் துணையில் கிறித்தவ இறைமறைவுக் கோட்பாடு

ஆய்வுச் சுருக்கம்

கடவுள் உண்டெனின் அவர் ஏன் புலப்படுவதில்லை என்னும் வினாவைக் கிறித்தவ இறையியல் ‘இறைமறைவு’ என்னும் தலைப்பில் ஆராய்ந்து வருகிறது. சிதம்பரத்தை மையமாகக் கொண்ட சைவ சித்தாந்த மரபு மறைத்தலை இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாக வைத்துள்ளது. இக்கருத்தின் துணையோடு கிறித்தவ விளக்கத்தைத் தமிழில் தெளிவுபடுத்துவதும், இரண்டும் வேறுபடும் இடத்தை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: இறைமறைவு, திரோதானம், சிதம்பர இரகசியம், சிலுவை இறையியல், நீத்தல் விண்ணப்பம்

முன்னுரை

தமிழில் ‘மறை’ என்னும் சொல் வேதத்தைக் குறிக்கும். மறைத்தல் தொழிலையும் குறிக்கும். இறைவனை அறிவிக்கும் நூலுக்கும் அவன் அறியப்படாமைக்கும் ஒரே சொல் வழங்குவது கருதத்தக்கது. கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் மறையுரை, மறைசாட்சி, மறைமாவட்டம் என இச்சொல் நிலைபெற்றுள்ளது. புதிய ஏற்பாட்டின் ‘மிஸ்தேரியோன்’ என்னும் கிரேக்கச் சொல்லைச் சீர்திருத்தச் சபையினரின் பழைய திருப்புதல் ‘இரகசியம்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘மறைபொருள்’ என்றும் பெயர்த்தன. ‘இரகசியம்’ என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது தில்லைச் சிற்றம்பலமே. அங்கு நடராசர் திருவுருவின் அருகே திரை விலக்கப்படும்போது பொன்வில்வ மாலைகள் தொங்கும் வெளி மட்டுமே காட்டப்படுகிறது. உருவம் இல்லாமை அவ்விடத்தில் இறைவனின் இன்மையாகக் கொள்ளப்படுவதில்லை. எங்கும் நிறைந்த வெளியாக அவன் இருக்கும் முறையாகவே கொள்ளப்படுகிறது.

மறைத்தல் ஓர் இறைத்தொழில்

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களைத் தில்லைக் கூத்தில் காட்டும் நூல் உண்மை விளக்கம். இதனை இயற்றிய மனவாசகங் கடந்தார் இன்றைய கடலூர் மாவட்டத்துத் திருவதிகையைச் சேர்ந்தவர். துடியில் படைப்பையும், அமைத்த கையில் காப்பையும், ஏந்திய தீயில் அழிப்பையும், ஊன்றிய திருவடியில் மறைப்பையும், தூக்கிய திருவடியில் வீடுபேற்றையும் அந்நூல் வைக்கிறது. ஊன்றிய அடியின் கீழ்க் கிடப்பவன் முயலகன். அவனை ஆணவ மலத்தின் குறியீடாகக் கொள்வது மரபு. ஆகவே மறைக்கும் திருவடியே மலத்தை மிதிக்கும் திருவடியாகவும் அமைகிறது.

தில்லையோடு தொடர்புடைய உமாபதி சிவம் பதினான்காம் நூற்றாண்டில் இக்கருத்தை விரிவுபடுத்தினார். புற இருள் பிற பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ தன்னையும் காட்டாது பிறவற்றையும் காட்டாது என்று திருவருட்பயன் வேறுபடுத்துகிறது. இத்தகைய உயிருக்கு இறைவன் தன்னை உடனே காட்டுவதில்லை. உலக நுகர்வில் அதனை ஈடுபடுத்தி, மலம் பக்குவப்படும் வரை மறைந்து நிற்கிறான். இவ்வாற்றல் திரோதான சத்தி எனப்படும். மலத்தோடு இயைந்து தொழிற்படுவதால் அதனையும் மலம் என்பது உபசார வழக்கே. பக்குவம் வந்தபின் அதுவே அருட்சத்தியாக விளங்கும். எனவே மறைப்பும் அருளும் ஒரே ஆற்றலின் இரு நிலைகள்.

விவிலியத்தில் மறைந்திருக்கும் கடவுள்

ஏசாயா 45:15 கடவுளைத் தம்மை மறைத்துக்கொள்பவர் என்று விளிக்கிறது. இங்கும் மறைத்தல் கடவுளின் செயலாகவே கூறப்படுகிறது. அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் இஸ்ரவேலரின் விடுதலைக்குக் கருவியாகக் குறிக்கப்படுபவன் கடவுளை அறியாத பாரசீக மன்னன் கோரேசு. எதிர்பாராத ஒருவன் வழியே கடவுள் செயற்படுவதால், அவர் செயல் கண்ணெதிரே நிகழ்ந்தும் அடையாளம் காணப்படவில்லை. யாத்திராகமம் 33இல் கடவுளின் மகிமையைக் காண வேண்டிய மோசேக்கு அவருடைய பின்புறமே காட்டப்படுகிறது.

மார்ட்டின் லூதர் 1518இல் ஐடல்பர்க்கில் முன்வைத்த கருத்துரைகள் இப்பகுதியைச் சிலுவையோடு இணைத்தன. மாட்சியில் தேடப்படும் கடவுள் துன்பத்திலும் சிலுவையிலும் மறைந்தே தம்மைக் காட்டுகிறார் என்பது அவர் கொள்கை. 1670இல் வெளிவந்த பாஸ்கலின் சிந்தனைத் தொகுப்பு வேறொரு காரணத்தை முன்வைத்தது: மறுக்க இயலாத வெளிச்சம் மனிதரைப் பணியச் செய்யும், ஆனால் அன்புகொள்ளச் செய்யாது. நாடுவோர் காணப் போதிய ஒளியும், நாடாதோர் விலகிச் செல்லப் போதிய இருளும் உள்ளன என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்விளக்கத்திற்குக் கடுமையான எதிர்வாதத்தைக் கனடிய மெய்யியலாளர் செல்லன்பர்க் 1993இல் வெளியிட்ட நூலில் எழுப்பினார். எதிர்ப்பு மனமின்றி உண்மையாகத் தேடியும் கடவுளைக் கண்டடையாதவர் உளர். முழுமையான அன்புடைய கடவுள் இருப்பின் அத்தகையோர் இருத்தல் கூடாது என்பது அவ்வாதம். விருப்பமின்மையைக் காரணமாகக் காட்டும் பாஸ்கலின் வழி இத்தகையோருக்குப் பொருந்தாது. பக்குவக் கோட்பாடோ விருப்பத்தைக் குறைகூறாமல் காலத்தைச் சுட்டி விடையளிக்கிறது: இன்று காணாமை என்றும் காணாமை ஆகாது. ஆயினும் சைவம் இக்காலத்தைப் பல பிறவிகளாக விரிக்கிறது. மறுபிறவியை ஏற்காத கிறித்தவத்திற்கு அவ்வழி இல்லை. ஒரே வாழ்வுக்குள் எழும் வினா என்பதால் அதன் கூர்மை மிகுகிறது.

முன்னிலையில் எழும் முறையீடு

இக்கூர்மையை விவிலியம் மழுங்கச் செய்யவில்லை. 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இன்றி இருளிலேயே முடிகிறது. யோபின் நண்பர்கள் துன்பத்திற்குக் காரணம் கூறுகின்றனர். இறுதியில் கண்டிக்கப்படுபவர்கள் அவர்களே. இங்கு ஓர் இலக்கண நுட்பம் உண்டு. நண்பர்கள் கடவுளைப் படர்க்கையில் வைத்தே பேசுகின்றனர்; யோபு ஒருவனே அவரை முன்னிலையாக்கி வழக்காடுகிறான். 88ஆம் சங்கீதமும் கடவுளை விளித்துத் தொடங்கி, அவரை நோக்கியே முடிகிறது. மறைந்தவர் முன்னிலையாகவே நீடிக்கிறார்.

திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பமும் இவ்வமைப்பினது. திருப்பெருந்துறையில் குருவாக வந்து ஆட்கொண்ட இறைவன் பின்னர் மறைந்தான் என்பது மாணிக்கவாசகர் வரலாற்று மரபு. அப்பிரிவுக்குப் பின் எழுந்ததாகக் கொள்ளப்படும் ஐம்பது பாடல்களும் தம்மைக் கைவிடலாகாது என்று இறைவனையே நோக்கி இரக்கின்றன. திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி.யு. போப் கிறித்தவக் குருவாக இருந்தவர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இரு மரபும் வேறுபடும் இடம் கல்வாரி. திரோதானத்தில் இறைவன் மறைக்கிறான்; மறைப்பின் துயரை உயிரே நுகர்கிறது. மாற்கு 15:34இல், கைவிடப்பட்டோரின் குரலான 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை இயேசுவே எழுப்புகிறார். மறைவின் துயர் கடவுளின் மகனாலேயே நுகரப்படுகிறது என்பது கிறித்தவ நம்பிக்கையின் தனித்தன்மை. இது செல்லன்பர்க்கின் தருக்கத்திற்கு முழு விடையாகாது. எனினும் ‘கடவுள் விலகி நிற்கிறார்’ என்னும் குற்றச்சாட்டின் பொருளை இது மாற்றிவிடுகிறது: தேடியும் காணாதவர் நிற்கும் இடத்திற்கு அவரே வந்து நின்றிருக்கிறார்.

முடிவுரை

மறைத்தலைச் செயலாகவும் அருளின் முன்னிலையாகவும் காணும் தில்லை மரபு, இறைமறைவை இன்மையாகக் கருதும் பிழையிலிருந்து கிறித்தவ இறையியலைத் தமிழில் விடுவிக்கிறது. பக்குவக் கோட்பாட்டை அப்படியே கிறித்தவத்தில் பொருத்துவது மட்டும் இயலாது. அவ்விடத்தைச் சிலுவை நிரப்புகிறது. துன்புறுவோரிடம் மறைவுக்கான காரணத்தை அடுக்குவது யோபின் நண்பர்கள் செய்த தவறாகவே முடியும். முறையீட்டை முன்னிலையில் நிலைநிறுத்தும் மொழியையே சங்கீதமும் திருவாசகமும் வழங்குகின்றன. தமிழ்க் கிறித்தவப் புலம்பல் பாடல்களை இந்நோக்கில் நீத்தல் விண்ணப்பத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது அடுத்த பணியாக அமையலாம்.