வாக்களிப்பு விழுக்காடும் தேர்தல் முடிவும்: மலேசியப் பொதுத்தேர்தல்கள் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவில் பொதுத்தேர்தல் நாளன்று தேர்தல் ஆணையம் அவ்வப்போது அறிவிக்கும் வாக்களிப்பு விழுக்காட்டை மக்கள் ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர். விழுக்காடு உயர்ந்தால் எதிர்க்கட்சிக்கு நன்மை. தாழ்ந்தால் ஆளுங்கட்சிக்கு நன்மை என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. இக்கருத்து முற்றிலும் தவறன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. அண்மைய தேர்தல்களைச் சான்றாகக் கொண்டு, வாக்களிப்பு விழுக்காடு தேர்தல் முடிவை எவ்வாறு பாதிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழுக்காடும் ஆட்சி மாற்றமும்

2008ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் நடைபெற்ற 12ஆவது பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் வாக்களித்தனர். தேசிய முன்னணி 222 இடங்களில் 140 இடங்களை மட்டுமே பெற்று மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. 2013ஆம் ஆண்டு வாக்களிப்பு 84.84 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. மக்கள் கூட்டணி 50.87 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றும் 89 இடங்களையே வென்றது, 47.38 விழுக்காடு பெற்ற தேசிய முன்னணி 133 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்துக் கொண்டது. 2018ஆம் ஆண்டிலோ வாக்களிப்பு 82.32 விழுக்காடாகக் குறைந்தது. அத்தேர்தலில்தான் தேசிய முன்னணி 79 இடங்களுக்குச் சுருங்கி, நாடு விடுதலை பெற்றபின் முதன்முறையாக ஆட்சியை இழந்தது.

மிகுதியானோர் வாக்களித்த ஆண்டில் ஆட்சி மாறவில்லை. சற்றுக் குறைந்தோர் வாக்களித்த ஆண்டில் மாறியது. ஆகவே, நாடு தழுவிய விழுக்காட்டை மட்டும் கொண்டு முடிவைக் கணிக்க இயலாது என்பது தெளிவாகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் மிகுதியான வாக்குகள் பெற்றவரே வெற்றி பெறும் முறையில், ஏற்கெனவே உறுதியான வெற்றி உள்ள தொகுதியில் குவியும் கூடுதல் வாக்குகள் பெரும்பான்மையைப் பெருக்குமேயன்றி இடங்களைப் பெருக்குவதில்லை. தொகுதிகளின் அளவிலும் பெரும் வேறுபாடு உண்டு. 2022ஆம் ஆண்டில் பாங்கி தொகுதியில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். சரவாக்கின் இகான் தொகுதியில் முப்பதாயிரம் பேர்கூட இல்லை. இரு தொகுதிகளும் நாடாளுமன்றத்திற்கு அனுப்புவது ஒவ்வோர் உறுப்பினரையே.

வராதவர் யார்?

எத்தனை பேர் வரவில்லை என்பதைவிட யார் வரவில்லை என்பதே முதன்மையான வினா. இதனைக் கற்பனைத் தொகுதி ஒன்றைக் கொண்டு விளக்கலாம். அதில் அ கட்சிக்கு 11,000 ஆதரவாளர்களும் ஆ கட்சிக்கு 9,000 ஆதரவாளர்களும் உள்ளனர் எனக் கொள்வோம். இரு தரப்பிலும் 80 விழுக்காட்டினர் வாக்களித்தால் அ கட்சி 1,600 வாக்குகளில் வெல்லும். இரு தரப்பிலும் 60 விழுக்காட்டினரே வந்தாலும் அ கட்சியே வெல்லும்; பெரும்பான்மை மட்டும் 1,200 ஆகக் குறையும். ஆனால் அ தரப்பில் 60 விழுக்காட்டினரும் ஆ தரப்பில் 75 விழுக்காட்டினரும் வந்தால், 6,600 வாக்குகளுக்கு எதிராக 6,750 வாக்குகள் பெற்று ஆ கட்சி வென்றுவிடும். ஒருவரும் தம் மனத்தை மாற்றிக் கொள்ளவில்லை. முடிவு மட்டும் மாறிவிட்டது.

இதற்கு நெருங்கிய நிகழ்வு பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் காணப்பட்டது. 2013ஆம் ஆண்டில் ஜனநாயகச் செயல் கட்சி அங்கு 7,313 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றது. வாக்களிப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. 2014ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நடைபெற்ற இடைத்தேர்தலில் வாக்களிப்பு ஏறத்தாழ 67 விழுக்காடாகச் சரிந்தது. கெராக்கான் வேட்பாளர் 238 வாக்குகளில் வென்றார். வேட்பாளர் மாற்றமும் பிற காரணங்களும் இதில் பங்காற்றியிருக்கலாம். எனினும், பொதுத்தேர்தலுக்கு ஊர் திரும்பும் வெளியூர் வாக்காளர் இடைத்தேர்தலுக்கும் அதே ஆர்வத்துடன் திரும்புவதில்லை என்பதைப் புறக்கணிக்க இயலாது.

ஜொகூர் தரும் ஒப்பீடு

2022ஆம் ஆண்டில் ஜொகூர் மக்கள் எட்டு மாத இடைவெளியில் இருமுறை வாக்களித்தனர். மார்ச் மாதச் சட்டமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே வந்தனர். தேசிய முன்னணி ஏறத்தாழ 43 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டு 56 இடங்களில் 40ஐ வென்றது. நவம்பர் மாதப் பொதுத்தேர்தலில் வாக்களிப்பு 70 விழுக்காட்டைக் கடந்தது. மாநிலத்தின் 26 நாடாளுமன்ற இடங்களில் நம்பிக்கைக் கூட்டணியும் அதன் தோழமைக் கட்சியும் 15ஐயும், தேசிய முன்னணி 9ஐயும், பெரிக்காத்தான் நேஷனல் 2ஐயும் பெற்றன. மார்ச்சில் எதிர்த்தரப்பு வாக்குகள் பல கட்சிகளிடையே பிரிந்தமையும் ஒரு காரணமே. ஆயினும் சிங்கப்பூருடனான தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். அக்கரையில் பணிபுரியும் ஜொகூர் வாக்காளர் பலருக்கு மார்ச்சில் ஊர் திரும்புதல் எளிதாக இருக்கவில்லை என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

விழுக்காட்டின் அடித்தளம்

2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிப்பு ஏறத்தாழ 74 விழுக்காடாகக் குறைந்ததைக் கண்டு மக்களின் ஆர்வம் குன்றிவிட்டது எனக் கூறுவோர் உளர். 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. தானியங்கி வாக்காளர் பதிவும் நடைமுறைக்கு வந்தது. 2018இல் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. முன்பு தாமே முன்வந்து பதிந்தோர் மட்டுமே பட்டியலில் இருந்தனர். இன்று தகுதியுடைய குடிமக்கள் யாவரும் உள்ளனர். 2018இல் வாக்களித்தோர் ஏறத்தாழ 1 கோடியே 23 இலட்சம். 2022இல் ஒன்றரைக் கோடிக்கும் மேல். விழுக்காடு குறைந்தது; வாக்களித்தோர் தொகை பெருகியது. எனவே, இவ்விரு விழுக்காடுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது.

இந்திய வாக்காளர் நிலை

இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி மலேசியாவில் ஒன்றுகூட இல்லை. எனவே அவர்தம் வாக்கின் வலிமை, போட்டி கடுமையாக உள்ள தொகுதிகளிலேயே வெளிப்படுகிறது. கேமரன் மலையில் 2013இல் வெற்றி 462 வாக்குகளாலும் 2018இல் 597 வாக்குகளாலும் முடிவாயிற்று. பின்னதை நீதிமன்றம் செல்லாது எனத் தீர்ப்பளித்தமையால் 2019 சனவரியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. இத்தகைய இடங்களில் ஒரு சில குடும்பங்கள் வாராதிருப்பதும் பொருட்படுத்தத் தக்கதே.

தானியங்கிப் பதிவில் அடையாள அட்டையிலுள்ள முகவரியே தொகுதியை முடிவு செய்கிறது. தோட்டத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்தும் முகவரியை மாற்றாத குடும்பத்தின் இளைஞர், தாம் வாழாத ஊரில் வாக்காளராகிறார். தேர்தல் நாளன்று நெடும்பயணம் மேற்கொண்டாலன்றி அவர் வாக்கு பதிவாகாது. அவரை அக்கறையற்றவர் எனப் பழிப்பது எளிது; அவருடைய முகவரியைத் திருத்திக்கொள்ளச் செய்வதே பயன் தருவது.

முடிவுரை

வாக்களிப்பு விழுக்காடு தானே தேர்தல் முடிவைத் தீர்மானிப்பதில்லை. எந்தத் தொகுதியில், எந்தப் பிரிவினர் வந்தனர், எவர் வரவில்லை என்பனவே தீர்மானிக்கின்றன. இன்று ஆறாம் படிவ மாணவருள்ளும் வாக்காளர் உளர். விழுக்காட்டைக் கணக்குப் பாடத்தில் கற்பிக்கும் ஆசிரியரும் சமூகத்தைக் கட்டுரைப் பாடத்தில் பேசும் தமிழாசிரியரும் இவ்வுண்மையை அவர்களுக்கு உணர்த்துதல் வேண்டும். அடையாள அட்டையிலுள்ள முகவரி சரியானதா என்று மாணவரை ஒருமுறை வினவுதல் அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.