நாய்க்கு நார்: டப்பாவுக்கு முன் தட்டைப் பாருங்கள்

வேப்பம்பட்டு ஸ்டேஷனைச் சுற்றிக் கல் நட்டுக் கிடக்கும் காலி மனைகளுக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். சென்ட்ரல் போகும் லோக்கலைப் பிடிக்க ஒரு கூட்டம் ஓடும். இன்னொரு கூட்டம் கையில் சங்கிலியோடு, "சீக்கிரம் போடா" என்று நாயைக் கெஞ்சிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன்.

அங்கே தினமும் பார்த்துப் பழகிய ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் முகம் வாடி நின்றார். அவருடைய லாப்ரடார் குந்தியது, நான்கடி நகர்ந்தது, மறுபடி குந்தியது. ஒன்றும் வரவில்லை.

"மூணு நாளா இப்படித்தான் முக்குறான் சார். நேத்து ராத்திரி சோறும் தொடலை. இசப்கோல் குடுங்கன்னு எதிர்வீட்டுக்காரர் சொன்னாரு. ரெண்டு ஸ்பூன் கரைச்சு ஊத்திடட்டுமா?"

"என்ன சாப்பாடு போடுறீங்க?"

"வேற என்ன, பிராய்லர் கடையில கழுத்தும் காலும் வாங்கி நொய்யோட போட்டு வேகவெச்சிடுவோம். குட்டியா வந்ததுல இருந்து அதுதான்."

இசப்கோல் நல்ல பொருள். நாயின் குடலுக்கு அதைவிட மலிவான துணை கிடைப்பது அரிது. ஆனால் அன்றைக்கு அந்த நாய்க்கு அதைக் கொடுத்திருந்தால் பாதகமாய் முடிந்திருக்கும். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தார். பெருங்குடலில் எலும்புத் தூள் சுண்ணாம்பு போல இறுகிக் கிடந்தது. மயக்க மருந்து கொடுத்து, எனிமா வைத்து எடுக்க வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து அதே மருத்துவர்தான் அதே இசப்கோலை எழுதிக் கொடுத்தார்.

சோறு செரித்துவிடுகிறது, அதுதான் சிக்கல்

ஓநாயிலிருந்து நாய் பிரிந்து மனிதனோடு வந்து சேர்ந்தபோது அதன் உடம்பும் நம் சோற்றுக்குப் பழகிக்கொண்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பிரதிகளாக இருப்பதை ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். ஆகவே நன்றாக வெந்த சோறு நாய்க்கு ஆகாது என்பது வீண் பயம். அது சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுதாகச் செரித்துவிடும்.

பெருங்குடலுக்கு மிச்சம் எதுவும் வராமல் போவதில்தான் வினை இருக்கிறது. வெந்த வெள்ளைச் சோறு நூறு கிராமில் நார் அரை கிராம்கூடத் தேறாது. கோழிக்கறியில் நார் அறவே இல்லை. எலும்பில் இருப்பதோ சுண்ணாம்புச் சத்து. அது மலத்தை வெளுத்து, உலர்த்தி, உதிரும் கட்டியாக்கும். காலி மனையில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் நாய் மலத்தைப் பார்த்தால் அந்த வீட்டுச் சமையல் தெரிந்துவிடும். போதாததற்கு, வேகவைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கவும் செய்யும். கழுத்தும் காலும் போடுகிறவர்கள் வேகவைத்த பிறகு எலும்பை எடுத்துவிட்டுச் சதையையும் சாறையும் மட்டும் சேர்த்தால் போதும். மெனக்கெட்ட வேலைதான்.

ஆக, மலச்சிக்கல் என்று வரும் நாய்களில் முதலில் மாற்ற வேண்டியது தட்டை. தண்ணீர்ச் சட்டியும் அந்தத் தட்டோடு சேர்ந்ததே. சித்திரை, வைகாசியில் மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போட்ட நாயின் சட்டி மதியம் காய்ந்து கிடந்தால், உடம்பு தனக்கு வேண்டிய நீரைப் பெருங்குடலில் இருந்துதான் உறிஞ்சிக்கொள்ளும்.

நார் உள்ளே போய் என்ன செய்கிறது

நாரைச் செரிக்கும் நொதி நாய்க்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. செரிக்காமல் கடைசிவரை போவதுதான் நாரின் வேலையே. நீரில் கரையும் நார் தண்ணீரை இழுத்து வெந்தயம் ஊறியது போல் வழவழப்பாகும். கரையாத நார், தவிடு மாதிரி, மலத்துக்குப் பருமன் கொடுத்துக் குடலைத் தள்ளத் தூண்டும். சிலவகை நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுவே ஆகாரம். நார் இல்லாத தட்டு அந்தச் செல்களையும் பட்டினி போடுகிறது.

இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் நம்மூரில் உடனே "வயித்துல பூச்சி" என்பார்கள். பூச்சியாகவும் இருக்கலாம், நாடாப்புழு என்றால் ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருக்கும். ஆனால் பெரும்பாலும் அது ஆசனவாய்க்கு இருபுறமும் உள்ள இரண்டு சிறு பைகள் நிரம்பி அடைத்துக்கொண்டதால் வரும் தொல்லை. மலம் பருமனாகவும் கெட்டியாகவும் வெளியேறும்போது அந்தப் பைகள் அழுந்தித் தாமாகக் காலியாகும். மலம் மெலிந்தும் இளகியும் போகும் நாய்க்கு அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. நார் அங்கேயும் உதவும்.

பரங்கிக்காயா, இசப்கோலா

அமெரிக்காவில் நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் டப்பாவில் அடைத்த பரங்கிக்காய்க் கூழைத்தான் முதலில் எடுப்பார்கள். அதைப் பார்த்து இங்கேயும் பரங்கிக்காய் மகிமை பரவிவிட்டது. கெடுதல் இல்லை, நாய்களும் விரும்பித் தின்னும். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. வேகவைத்த பரங்கிக்காய் நூறு கிராமில் நார் ஒரு கிராம் சொச்சம்தான், மீதி பெரும்பகுதி தண்ணீர். ஒரு ஸ்பூன் கூழைச் சோற்றின் மேல் தடவிவிட்டு நார் கொடுத்ததாக நினைப்பது நம் மனத்திருப்திக்கு. கையளவு கொடுத்தால்தான் ஏதோ கொஞ்சம் சேரும். தோலும் விதையும் நீக்கி, உப்பு போடாமல் வேகவைத்து மசிக்க வேண்டும். சாம்பாருக்குள் வெந்த பரங்கிக்காய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

அன்றாடத் தட்டுக்கு நான் கேழ்வரகின் கட்சி. மாவு நூறு கிராமில் பத்து கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. நொய்யில் கால்பங்கைக் குறைத்து அந்த இடத்தில் நன்றாக வெந்த கேழ்வரகைச் சேர்க்கலாம். கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் வேகவைத்து மசித்துப் போடலாம்.

துணைச்சத்து என்று தனியாகக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், இசப்கோல் உமிக்கு நிகரில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் குளிர்காலப் பயிராக விளைந்து, சீரகத்துக்குப் பேர்போன உஞ்ஜா சந்தைக்கு வந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போகும் சரக்கு இது. வெளிநாட்டில் நாய் படம் ஒட்டிய அழகான டப்பாக்களில் விற்கும் நார்ப்பொடி பலவற்றில் இதுவே முக்கியச் சரக்கு. திருநின்றவூரிலோ ஆவடியிலோ எந்த மருந்துக் கடையிலும் சாதாரண அட்டைப்பெட்டியில் கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாசனையோ நிறமோ இனிப்போ சேர்க்காத வெறும் உமியாக இருக்க வேண்டும். ஆரஞ்சு சுவை வேண்டாம். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் கட்டாயம் வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருந்தால் நாய்க்கு அது விஷம். சூரத்தாவாரை என்கிற நிலாவரை சேர்த்த பேதிப் பொடிகளையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு, எப்படி

பத்து கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு நாளுக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி. பத்திலிருந்து இருபது கிலோ வரை ஒரு தேக்கரண்டி. லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய உடம்புக்கு இரண்டு தேக்கரண்டியில் நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். முதல் நாளே முழு அளவும் போட்டால் வாயு பிடிக்கும், வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார முடியாது. கால்பங்கில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றலாம்.

உலர்ந்த உமியை ஒருபோதும் அப்படியே கொட்டாதீர்கள். தொண்டையிலேயே உப்பிக்கொள்ளும். நிறையத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கொழகொழவென்று ஆனபின் குழைந்த சோற்றோடு பிசைந்து வையுங்கள். சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தைராய்டு, வலிப்பு, இதயம் என்று வேறு மாத்திரை சாப்பிடும் நாயாக இருந்தால் உமிக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உமி மருந்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

பலன் தெரிய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். எதை வைத்து அளப்பது? மருத்துவர்கள் மலத்தை ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்ட அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் உருட்டி விளையாடலாம் போன்ற கல், ஏழு என்றால் வெறும் தண்ணீர். கையில் எடுத்தால் உருக்குலையாமல், கல்லாக இறுகியும் போகாமல் இருக்கும் இரண்டுதான் நல்ல மலம்.

கழிச்சலுக்கும் அதே உமி

மலச்சிக்கலுக்குக் கொடுப்பதைப் பேதிக்கும் கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. உமி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ந்த மலத்துக்கு ஈரம் தரும் அதே குணம், நீர்த்துப்போன மலத்தைக் கூட்டிக் கட்டவும் செய்கிறது. ஆனால் எல்லாக் கழிச்சலுக்கும் அல்ல. அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளி கலந்து, சில சமயம் சிவந்த ரத்தக் கோட்டோடு, முக்கி முக்கிப் போனால் அது பெருங்குடல் கோளாறு. அங்கேதான் கரையும் நார் கைகொடுக்கும். அமெரிக்காவில் காரணம் பிடிபடாத நாள்பட்ட பெருங்குடல் கழிச்சல் கண்ட 37 நாய்களின் சிகிச்சைக் குறிப்புகளை அலசி 2000இல் ஒரு கட்டுரை வந்தது. எளிதில் செரிக்கும் உணவோடு இந்த உமியையும் சேர்த்ததில் பெரும்பாலானவை நன்றாகத் தேறின. மாறாக, குடம் குடமாக நீர்த்துப் போய், நாய் இளைத்துக்கொண்டே வந்தால் சிறுகுடல் பக்கம் பிரச்சினை. அதற்கு உமி மருந்தல்ல.

பாலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை. காலையில் பால் பிஸ்கட், மாலையில் கழிச்சல் என்று ஓடும் வீட்டில் பாலை நிறுத்தினாலே பாதி குணம்.

உமியை எடுக்கக் கூடாத நாட்கள்

பெரியவரின் நாய்க்கு வருகிறேன். மூன்று நாளாக மலம் இல்லை, சாப்பாடு இல்லை, எலும்பு தின்னும் பழக்கம் உண்டு. உள்ளே அடைப்பு இருந்தால் உமி அதன் பின்னால் போய் உப்பி அடைப்பை இறுக்கும். வாந்தி, உப்பிய வயிறு, தொட்டால் வலி, இரண்டு நாளுக்கு மேல் மலமே இல்லை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பந்து, சாக்ஸ், மாங்கொட்டை விழுங்கியிருப்பதாகச் சந்தேகம் இருந்தாலும் அப்படியே.

குட்டி நாய்க்கு வாந்தியும் நாற்றமெடுத்த ரத்தக் கழிச்சலும் வந்தால் பார்வோ என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய அந்த வைரஸ், தடுப்பூசி போடாத குட்டியைச் சில நாட்களில் கொண்டுபோய்விடும். தார் போலக் கறுத்த மலமும் அவசரமே. அது மேல்குடலில் ரத்தம் கசிவதன் அடையாளம். வயதான ஆண் நாய் முக்கினால் மலச்சிக்கல் என்றே முடிவு கட்டாதீர்கள், புராஸ்டேட் வீங்கியிருக்கலாம். இன்னொன்று, சிறுநீர் அடைத்த நாயும் இதே மாதிரிதான் குந்திக் குந்தி எழும். காலடி ஈரமாகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால், சி.டி.எச். ரோடு வழியாகச் சென்னைக்கு வண்டி பிடித்து, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்புவது நல்லது.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் எண்

கடைத் தீனி போடுகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் 'க்ரூடு ஃபைபர்' என்று ஒரு சதவீதத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் வீண்டே பண்ணையில் 1860களில் கால்நடைத் தீவனத்துக்காக உருவாக்கிய சோதனையின் மிச்சம் அது. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்துக் கரையாமல் நின்றதை மட்டும் எடைபோடும் முறை. நாம் இவ்வளவு நேரம் பேசிய கரையும் நார் அந்தக் கணக்கில் ஏறக்குறைய வராது. எண்ணைவிட நாய் காலையில் போவதை நம்புங்கள். தீனியைத் திடீரென மாற்றாமல், பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினால் பாதிக் கழிச்சல் வராமலே போகும்.

பெரியவர் இப்போது எலும்பை ஆய்ந்து எடுத்துவிட்டு, நொய்யோடு கேழ்வரகும் கேரட்டும் வேகவைக்கிறார். மூன்று வாரம் உமி கொடுத்தார், பிறகு மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்த பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ராத்திரி பால்ல கலந்து நான்தான் சாப்பிடுறேன் சார்" என்றார்.