குஞ்சின் இதயத்தில் நிணநீர் வழி பிறப்பது எப்படி?

அடைகாக்கும் 21 நாட்களில் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கும் கோழிக் கருவின் இதயத்துக்கு நிணநீர்க் குழாய்கள் பின்னரே வாய்க்கின்றன; ஏனெனில், மெல்லிய அதன் சுவர் தடித்து, இரத்தக் குழாய்கள் அதனுள் பரவிய பிறகுதான், அவற்றினின்று கசியும் நீர் வடிய ஒரு மார்க்கம் அவசியமாகிறது. அம்மார்க்கம் எதனின்று ஜனிக்கிறது? பன்றிக் கருக்களை ஆராய்ந்த புளோரன்ஸ் சேபின் அம்மையார் 1902-இல் அது சிரைகளினின்றே முளைப்பதாகக் கூறினார். சுற்றியுள்ள இளந்திசுவிலேயே தோன்றுவதென்று வேறு சிலர் வாதித்தனர். காடையின் உயிரணுக்களைக் கோழிக் கருவில் பதியமிட்டு, உட்கருவின் தோற்றத்தாலேயே இது காடையினது, இது கோழியினது என்று பிரித்தறியும், கருவியலாளர் நிக்கோல் லெ துவாரினின் உபாயம் (எளிமையில்தான் அதன் அழகு முழுதும்!) பறவைகளில் இவ்விரு வழிகளுமே உண்டென்று காட்ட உதவியது. இதயத்திலோ, அக்குழாய்கள் பெருந்தமனிகளின் அடிவாரத்தில் தோன்றி, வெளியுறையின் கீழாகக் கீழறைகளின்மேல் படர்கின்றன.